சிவப்புப் புடைப்புகள்: அழுத்திப் பார்த்து அடையாளம் காண்பது

சேலம், நாமக்கல் பக்கத்தில் தோலைக் காட்ட வருகிறவர்கள் தங்கள் உடம்பில் இருப்பதற்குப் பெரும்பாலும் இரண்டே பெயர்தான் வைத்திருப்பார்கள். தட்டையாக இருந்தால் மச்சம், எழும்பியிருந்தால் மரு. சிவப்பாக எழும்பியிருந்தால் அது ‘ரத்த மரு’. பெயர் மரு என்றானதும் மருவுக்குரிய வைத்தியமெல்லாம் வீட்டிலேயே தொடங்கிவிடும். குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டுவார்கள், அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவுவார்கள், சுண்ணாம்பையும் சோடா காரத்தையும் குழைத்து வைப்பார்கள். உண்மையான மரு என்றால் கொஞ்சம் புண்ணாகி ஆறும். ரத்தக்குழாய்களே திரண்டு உருவான கட்டி என்றால், கட்டிய முடியோடு சேர்ந்து ரத்தம் கொட்டும்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இந்த அத்தியாயம். பெரியவர்களின் தோலில் வரும் ரத்தக்குழாய்க் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கெடுதல் இல்லாதவை. ஆனால் ‘ஒண்ணுமில்லைங்க, போங்க’ என்று சொல்வதற்கு முன்னால் தொட்டு, அழுத்தி, நாள் விசாரித்திருக்க வேண்டும். மூன்றையும் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

முதலில் வெளிச்சம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பு ஏமாற்றும். ஆளை ஜன்னலோரத்துக்கோ வாசலுக்கோ அழைத்து வாருங்கள். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அவற்றில் செர்ரிப் பழம்போலச் சிவந்திருப்பது நம்முடைய மாநிறத்தில் அடர் பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். கறுத்த தோலில் கறுப்பாகவே தெரியும். நிறத்தை மட்டும் நம்பினால் பாதிக்குப் பாதி தப்பாகும். நகை மதிப்பீட்டாளர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெர்மோஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்தது மைக்ராஸ்கோப்புக்குப் பயன்படுத்தும் கண்ணாடிச் சில்லு. அது இல்லையென்றால் கெட்டியான, நிறமில்லாத பிளாஸ்டிக் ஸ்கேல்.

அளவைக் குறிக்க மில்லிமீட்டர்தான் சரி. ஆனால் வந்தவரிடம் ‘போன மாதம் எவ்வளவு பெரிசு?’ என்று கேட்கும்போது மில்லிமீட்டர் உதவாது. கடுகு, ஜவ்வரிசி, துவரை, கொண்டைக்கடலை என்று கேளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஜவ்வரிசி இந்த மண்ணில் எல்லோருக்கும் கைப்பழக்கமான அளவு; சமைக்காத மணி ஒன்று ஏறக்குறைய இரண்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் இருக்கும். நாளையும் அப்படித்தான் கேட்க வேண்டும். ‘எத்தனை நாளாச்சு?’ என்றால் ‘கொஞ்ச நாளாச்சுங்க’ என்றுதான் பதில் வரும். ‘ஆடிப் பதினெட்டுக்குக் காவேரிக்குப் போனப்ப இருந்துச்சுங்களா? தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சப்ப கையில தட்டுச்சுங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். வாரக் கணக்கு வரை துல்லியமாகச் சொல்வார்கள்.

நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தக் கட்டிகளில் ஒன்றே ஒன்றுதான் வாரக் கணக்கில் வளர்ந்து நிற்கும். மற்றவையெல்லாம் வருடக் கணக்கில் மெல்ல வருபவை. மாதக் கணக்கில் நிற்காமல் வளர்வது எதுவோ அதற்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

இனி அழுத்துவது. கண்ணாடிச் சில்லைப் புடைப்பின் மேல் வைத்து, ஐந்து எண்ணும் வரை சீராக அழுத்துங்கள். நிறம் வடிந்து, சில்லை எடுத்ததும் திரும்ப வந்தால், ரத்தம் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பாதி வடிந்து பாதி நின்றால், குழாய்கள் சுருண்டு திரண்டிருக்கின்றன, அல்லது உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது. கொஞ்சம்கூட வடியவில்லை என்றால் ரத்தம் குழாயை விட்டுத் தோலுக்குள் கசிந்திருக்கலாம். காய்ச்சலோடு வந்தவரின் காலில் தட்டையான சிவப்புப் புள்ளிகள் அழுத்தியும் மறையாவிட்டால், அது கட்டியைப் பற்றிய பேச்சே இல்லை. டெங்குவை நினையுங்கள், அன்றைக்கே தட்டணுக்களைப் பாருங்கள். வயதானவர்களின் முன்கையில் லேசாகப் பட்டதற்கே பரவும் ஊதாத் திட்டும் இப்படி மறையாததுதான். அது தோல் மெலிந்ததால் வரும் கசிவு.

செர்ரி ஆஞ்சியோமா

நாற்பதைத் தாண்டியவரின் சட்டையைக் கழற்றச் சொன்னால் நெஞ்சிலோ வயிற்றிலோ முதுகிலோ ஒன்றிரண்டாவது கிடைக்கும். முப்பதையொட்டியே தொடங்கிவிடும், வயதாக ஆக எண்ணிக்கை கூடும். கடுகிலிருந்து ஜவ்வரிசி வரை அளவு. வழவழப்பான அரைக்கோளம். அழுத்தினால் முழுதாக வடியாது, கொஞ்சம் வெளிறும். லென்ஸில் பார்த்தால் மாதுளை முத்துகளை நெருக்கி அடுக்கியது போலச் சிவப்பு, ஊதா அறைகள் தனித்தனியாகத் தெரியும். அந்த அறைகள் தெளிவாகத் தெரிந்துவிட்டால் கேள்விக்கு இடமில்லை.

இவற்றுக்கு கேம்பெல் டி மார்கன் புள்ளிகள் என்றும் பெயர் உண்டு. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த அவர், 1872இல் புற்றுநோயின் தோற்றம் பற்றி எழுதியபோது இந்தப் புள்ளிகளைக் குறிப்பிட்டார். புற்றுநோயாளிகளிடம் இவை மிகுதி என்று அவருக்குப் பட்டது. புற்றுநோய் வயதானவர்களுக்கு வருவது, இந்தப் புள்ளிகளும் வயதானவர்களுக்கு வருபவை. சம்பந்தம் அவ்வளவுதான் என்பது பிறகு தெளிவாயிற்று. ஆனாலும் அந்தப் பயம் நூற்றைம்பது ஆண்டு கழித்தும் போகவில்லை. ‘கேன்சருங்களா?’ என்று வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. கேட்காதவர்களுக்கும் சேர்த்து, இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறவும் மாறாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. உள்ளே ரத்தம் உறைந்துபோனால் திடீரென்று கறுத்துவிடும். நேற்றுவரை சிவப்பாக இருந்தது இன்று கறுப்பாகிவிட்டது என்று பதறி வருவார்கள். அப்படிக் கறுத்ததை லென்ஸில் பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை என்றால் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவதே நேர்மையான வழி. மற்றபடி இவற்றை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

பயோஜெனிக் கிரானுலோமா

வாரக் கணக்கில் வளரும் என்று சொன்னேனே, அது இதுதான். விசைத்தறியில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், ஆள்காட்டி விரலில் கழிவுநூலைப் பந்தாகச் சுற்றிக்கொண்டு வந்தார். நூல் முழுக்க ரத்தம். அவிழ்த்ததும் துவரம்பருப்பு அளவில், பச்சை இறைச்சி நிறத்தில், ஈரமாகப் பளபளக்கும் ஒரு புடைப்பு.

‘மூணு வாரத்துக்கு முன்னால கடுகாட்டம் இருந்துச்சுங்க டாக்டர். தறியில லேசா கீறுன இடந்தானுங்க. இப்ப சட்டை பட்டாக்கூட ரத்தம் நிக்க மாட்டேங்குதுங்க.’

அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியத்திலேயே நோய் முழுதும் இருக்கிறது. சிறு காயம், சில வாரங்களில் வேகமான வளர்ச்சி, தொட்டால் கொட்டும் ரத்தம். எல்லோருக்கும் காயம் பட்ட நினைவு இருக்காது. அதனால் காயம் இல்லை என்பதை வைத்து இதை விலக்க வேண்டாம். விரல், உதடு, முகம், ஈறு ஆகிய இடங்களில் அதிகம். லென்ஸில் அடிப்பகுதியைப் பாருங்கள். கட்டியின் கழுத்தைச் சுற்றி வெளுத்த தோல் ஒரு சட்டைக் காலர்போல ஏறியிருக்கும். அந்தக் காலர் நல்ல அடையாளம்.

பெயரை நம்ப வேண்டாம். இதில் சீழும் இல்லை, மருத்துவர்கள் கிரானுலோமா என்று சொல்லும் திசு அமைப்பும் இல்லை. 1897இல் பிரான்சில் போன்செ, டோர் இருவரும் முதலில் விவரித்தபோது இதைத் தொற்று என்று நினைத்தார்கள். 1904இல் ஹார்ட்ஸெல் இன்றைய பெயரை நிலைக்க வைத்தார். உண்மையில் இது நுண்குழாய்கள் குலைகுலையாகப் பெருகிய கட்டி. திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘லோபுலர் கேபிலரி ஹெமாஞ்சியோமா’ என்று வந்தால் அது வேறு நோய் இல்லை, இதன் சரியான பெயர். பெயர் தெரியாமல் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாரக்கணக்கில் எழுதித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கட்டி சுருங்காது.

கர்ப்பிணிகளின் ஈறில் இது வரும். பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வருகிறது என்பார்கள். ஈறில் பல் இடுக்கிலிருந்து சிவந்த சதை எழும்பியிருக்கும். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். ரத்தப்போக்கு தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் ஒழிய அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். மருந்தினாலும் வரும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறாரா, புற்றுநோய்க்கு கேப்சிடாபின் எடுக்கிறாரா என்று கேளுங்கள். பல விரல்களின் நக ஓரத்தில் ஒரே சமயத்தில் சிவப்புச் சதை வந்தால் மருந்துதான் முதல் சந்தேகம்.

ரத்தம் கொட்டிக்கொண்டு வந்தவரின் புண்ணில் காபித்தூளோ மஞ்சள்தூளோ அப்பியிருக்கும். அதைக் கழுவிவிட்டுச் சுத்தமான துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தால் மறுபடி முதலிலிருந்துதான். வீட்டுக்குப் போகும்போது இந்தப் பத்து நிமிட அழுத்தத்தை அவருக்கும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.

அடியோடு சுரண்டி எடுத்து, அடியைச் சுட்டுவிடுவது வழக்கமான சிகிச்சை. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் திரும்ப முளைக்கும். முழுதாக வெட்டித் தைத்தால் திரும்ப வருவது குறைவு. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், திரும்ப முளைத்ததும் புற்றுநோய் பரவிவிட்டது என்று குடும்பமே அழும்.

எடுத்த சதையை எறியாதீர்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களில் நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மரவள்ளிக் கிழங்குத் தோலுரிக்கும் வேலைக்குப் போய்வந்த அம்மா ஒருவர், அறுபது வயதுக்கு மேல். குதிகாலில் சிவப்பாகச் சதை வளர்ந்து ரத்தம் வருகிறது என்றார். முள் குத்தியதாம். எத்தனை மாதம் என்று கேட்டேன். நான்கைந்து மாதம் என்றார். ரத்தம் வருகிறது, சிவப்பாக இருக்கிறது, முள் குத்தியிருக்கிறது, ஆகவே பயோஜெனிக் கிரானுலோமா என்று முடிவு செய்தேன். சுட்டு எடுத்தேன். எடுத்த துண்டைக் குப்பை வாளியில் போட்டேன். ஏழு மாதம் கழித்து அதே காலின் தொடை இடுக்கில் நெறிகட்டியோடு வந்தார். நெறிகட்டியிலிருந்து எடுத்த திசுவில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் இருந்தது.

நான்கைந்து மாதம் என்ற பதில் காதில் விழுந்தபோதே நான் நின்றிருக்க வேண்டும். லென்ஸில் விளிம்பைப் பார்த்திருந்தால் ஒரு ஓரத்தில் கறுப்போ பழுப்போ தெரிந்திருக்கக்கூடும். தெரியாவிட்டாலும் அந்தத் துண்டு ஃபார்மலினுக்குப் போயிருந்தால் ஏழு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு மெலனோமா அரிது. ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது இதுதான். முதலில் பந்தாட்டக் காயம் என்று நினைத்தார்கள். 1977இல் நோய் உறுதியானது, 1981இல் 36 வயதில் இறந்தார். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்கு முள் குத்தாத மாதம் கிடையாது. ஆகையால் முள் குத்திய கதையை ஒரு விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளங்கால், உள்ளங்கை, நகம் ஆகிய இடங்களில் ரத்தம் கசியும் எந்தச் சதையும் திசுப் பரிசோதனை இல்லாமல் போகக் கூடாது. என் அறையில் இன்று வேறு இடத்திலிருந்து எடுத்தாலும் எல்லாமே போகின்றன.

வயதானவரின் உச்சந்தலையிலோ நெற்றியிலோ அடிபடாமலே ரத்தக்கட்டு போன்ற ஊதாத் திட்டு வந்து, வாரத்துக்கு வாரம் பரவினால் அதையும் உடனே அனுப்புங்கள். ஆஞ்சியோசார்கோமா என்ற கொடிய புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும். ‘எங்கயோ இடிச்சிருப்பார்’ என்று வீட்டார் சொல்வார்கள். இடித்த கன்றல் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறைய வேண்டும்.

உதட்டில் கருநீலம்

வெயிலில் ஆயுள் முழுவதும் உழைத்தவரின் கீழுதட்டில், சில சமயம் காது மடலில், கருநீலமாக மெத்தென்று ஒரு புடைப்பு இருக்கும். வீனஸ் லேக் என்பார்கள். தோலுக்கடியில் விரிந்துபோன சிறு சிரை அது. 1956இல் பீன், வால்ஷ் இருவரும் இதைத் தனியாக விவரித்தார்கள். கறுப்பாகத் தெரிவதால் பயம். வெற்றிலை, புகையிலை போடுகிறவர் என்றால் வாய்ப்புற்று என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

கண்ணாடிச் சில்லின் அருமை இங்கேதான் தெரியும். உதட்டில் வைத்து மெதுவாக அழுத்தினால் கருநீலம் உங்கள் கண்ணெதிரே வடிந்து, புடைப்பே தட்டையாகிவிடும். எடுத்ததும் சில நொடிகளில் நிதானமாக நிரம்பும். வந்தவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து இதை அவரையே பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரம் வார்த்தை ஆறுதலைவிட அது மேல். வடியாமல், விரலுக்குக் கெட்டியாகவோ, மேலே புண்ணாகவோ, ஓரம் தடித்தோ இருந்தால் அது வீனஸ் லேக் இல்லை. புகையிலை பழக்கம் உள்ளவருக்குத் தாமதமில்லாமல் திசுப் பரிசோதனை வேண்டும்.

வெட்கப்பட்டு மறைப்பவை

விதைப்பையில் கருஞ்சிவப்பாகக் கடுகு கடுகாகத் திரண்டிருக்கும் புள்ளிகளோடு ஐம்பது வயதுக்காரர் வருவார். அதைக் காட்டத் துணிய அவருக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கும். பொம்பளை வியாதி என்று யாராவது சொல்லியிருப்பார்கள், வீட்டில் சண்டையும் நடந்திருக்கும். ஃபோர்டைஸ் ஆஞ்சியோகெரடோமா என்ற இதற்கும் உடலுறவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை மனைவியையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். மேல்தோல் சற்றுத் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும்; சொறிந்தால் ரத்தம் வரும். நிற்க வைத்து விதைப்பையில் நரம்பு சுருண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், வேரிகோசீல் சேர்ந்து இருப்பதுண்டு.

ஆனால் இதே புள்ளிகள் ஒரு இளைஞனுக்குத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை, இடுப்பிலும் தொடையிலும் கூட்டமாக இருந்தால் கதை வேறு. அவனிடம் கேளுங்கள்: வியர்க்குமா? சித்திரை வெயிலில் எல்லோரும் சட்டை நனைந்து நிற்கும்போது இவன் மட்டும் காய்ந்த உடம்போடு தவித்துப்போய் நிழல் தேடுவானா? காய்ச்சலிலும் வெயிலிலும் கையும் காலும் நெருப்பாக எரியுமா? தாய் வழியில் யாருக்காவது சின்ன வயதில் சிறுநீரகம் கெட்டதா? ஆம் என்றால் சிறுநீரில் புரதம் பாருங்கள், ஃபேப்ரி நோயை நினையுங்கள். உடம்பில் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி குறைவதால் கொழுப்புப் பொருள் ரத்தக்குழாய்களில் படிந்து, சிறுநீரகத்தையும் இதயத்தையும் மூளையையும் கெடுக்கும் பரம்பரை நோய் இது. 1898இல் ஜெர்மனியில் ஃபேப்ரியும் இங்கிலாந்தில் ஆண்டர்சனும் தனித்தனியே விவரித்தார்கள், இருவருமே தோலைப் பார்த்துத்தான். இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கையில் ஃபேப்ரி இடம்பெற்றிருக்கிறது. உறுப்புகள் கெடும் முன் கண்டுபிடித்தால்தான் நொதி சிகிச்சையால் முழுப் பயன். இவனைப் பார்த்துச் ‘சூட்டு உடம்பு’ என்று சொல்லி இளநீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவதுதான் நம்மூரில் நடக்கும்.

சிலந்தி மச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, சுற்றிலும் கால்கள். பேனா முனையால் நடுப்புள்ளியை மட்டும் அழுத்தினால் கால்கள் எல்லாம் மறையும். விட்டதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நிரம்பும். ஒன்றிரண்டு இருந்தால் இயல்பு. கர்ப்பிணிக்கு வந்தால் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் போய்விடும். முகம், கழுத்து, மேல்நெஞ்சு, கைகளில் நான்கைந்துக்கு மேல் இருந்தால் கல்லீரலைப் பாருங்கள். குடிக்கிறாரா என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் செய்யுங்கள். கறுத்த தோலில் இந்தக் கால்கள் தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேட வேண்டும்.

நகத்தடியில் ஒளிந்திருக்கும் வலி

வெளியே எதுவுமே தெரியாமல் ஆளை வதைக்கும் ஒரு ரத்தக்குழாய்க் கட்டி உண்டு. கொலுசுப் பட்டறையில் சலங்கை கோக்கும் பெண் ஒருவர், நாற்பது வயது. வலது மோதிர விரலில் ஆறு வருடமாக வலி. நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழம் செருகியிருக்கிறார். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் மனசுதான் காரணம் என்று தூக்க மாத்திரை.

‘மார்கழியில தண்ணியில கை வெக்க முடியாதுங்க சார். ஏற்காட்டுக்கு எல்லாரும் போனாங்க, நான் போகலீங்க. குளுரு பட்டா தோள் வரைக்கும் உயிர் போகும்.’

குளிர் என்ற வார்த்தை வந்ததும் நகத்தைப் பார்க்க வேண்டும். குளோமஸ் கட்டிக்கு மூன்று குணம்: சுண்டி இழுக்கும் வலி, ஒரே புள்ளியில் தாங்க முடியாத தொடுவலி, குளிர் பட்டால் வேதனை. வெப்பத்துக்குத் தக்கபடி தோலில் ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் நுண்ணிய அமைப்பு விரல் நுனிகளில் அதிகம். அதிலிருந்து எழும் கட்டி என்பதால்தான் குளிருக்கு இப்படி அலறுகிறது. 1924இல் பியேர் மாசோன் இதை அடையாளப்படுத்தினார்.

சோதனை இரண்டு. குண்டூசியின் தலைப்பக்கத்தால் நகத்தின் மேல் புள்ளி புள்ளியாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எல்லா இடத்திலும் சும்மா இருப்பவர் ஒரு இடத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் வலி இருக்காது. லவ் சோதனை என்று இதற்குப் பெயர். பிறகு மேற்கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, அவருடைய மேல் அழுத்தத்தைத் தாண்டி ஏற்றிவிட்டு, அதே புள்ளியைத் தொடுங்கள். ரத்தம் போகாததால் வலி இருக்காது. பட்டையைத் தளர்த்தியதும் வலி திரும்பும். இது ஹில்ட்ரெத் சோதனை. அந்தப் பெண்ணின் நகத்தில் டார்ச்சை விரல் பக்கமிருந்து அடித்தபோது கடுகளவு நீலச் சாயல் தெரிந்தது. அதிலிருந்து நகம் நெடுக ஒரு மெல்லிய கோடு ஓடியது. ஆறு வருடமாக யாரும் நகப்பூச்சை அழித்துப் பார்க்கவில்லை.

எம்.ஆர்.ஐ. கட்டியின் இடத்தைக் காட்டும், சின்னது தப்பிவிடவும் செய்யும். சோதனை இரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கேன் சும்மா இருக்கிறது என்பதற்காகக் கைவிடாமல் கை அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள். முழுதாக எடுத்துவிட்டால் வலி போய்விடும். ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் இருந்தால் உடம்பில் பால்காபி நிறத் திட்டுகள் உண்டா என்று தேடுங்கள்; நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ளவர்களுக்கு அப்படி வரும்.

வேறு வேடத்தில் வருபவை

மூக்கிலிருந்து சிவப்புச் சதை தொங்கி, ரத்தம் வந்து, அதன் மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது ரைனோஸ்போரிடியோசிஸ். மாடு குளிக்கும் குட்டையிலும் குளத்திலும் குளிப்பவர்களுக்கு வரும் தொற்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உலகின் மற்ற பகுதிகளைவிட அதிகம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். உதட்டிலும் நாக்கிலும் சிவப்புப் புள்ளிகள், அடிக்கடி மூக்கில் ரத்தம், தகப்பனுக்கும் அப்படியே என்றால், குடும்ப வழியில் வரும் ரத்தக்குழாய் விரிவு நோய் அது, ரத்தசோகையைப் பாருங்கள்.

மோரிட்ஸ் கபோசி வியன்னாவில் தன் பெயரால் வழங்கும் ஊதாக் கட்டிகளை விவரித்ததும் டி மார்கன் எழுதிய அதே 1872இல்தான். அது இந்தியாவில் மிக அரிது. இருந்தாலும் உடம்பு இளைத்து, காய்ச்சலோடு, பல இடங்களில் ஊதாத் திட்டோ சிவப்புக் கட்டிகளோ, அண்ணத்திலும் இருந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பாக்டீரியாவால் வரும் பேசிலரி ஆஞ்சியோமடோசிஸ் பார்க்கப் பயோஜெனிக் கிரானுலோமா போலவே இருக்கும். இதற்கு மட்டும் எரித்ரோமைசினோ டாக்ஸிசைக்ளினோ கொடுத்தால் குணமாகும். எச்.ஐ.வி. பரவல் கூடிய மாவட்டமாக நாமக்கல் பல ஆண்டுகள் கணக்கிடப்பட்டது. லாரித் தொழிலாளர் குடும்பங்கள் அந்த முத்திரையால் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. ஆகவே தொழிலைக் கேட்டுப் பரிசோதனைக்கு அனுப்பாதீர்கள், நோய்க்குறியைப் பார்த்து அனுப்புங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகே எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் அதைச் செய்வார்.

துண்டு போய்ச் சேரும் வழி

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. திசுவை அனுப்ப ராசிபுரத்திலிருந்தோ எடப்பாடியிலிருந்தோ சென்னைக்கு ஓட வேண்டிய நிலை இல்லை. ஆனால் துண்டு கெடாமல் போய்ச் சேர வேண்டும். பத்து சதவீத ஃபார்மலினில், துண்டைப் போலக் குறைந்தது பத்து மடங்கு அளவுக்கு ஊற்றி, அகன்ற வாய்ப் புட்டியில் போடுங்கள். இடுக்கியால் நசுக்கி எடுத்த துண்டில் நோயியல் மருத்துவரால் ஒன்றும் சொல்ல முடியாது. சலைன் பாட்டிலில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனால் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். பெயரை மூடியில் எழுதாமல் புட்டியின் மேல் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும். சீட்டில் இடம், அளவு, எத்தனை வாரம், ரத்தம் வந்ததா, உங்கள் சந்தேகம் என்ன, எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘சதை வளர்ச்சி’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் பதிலும் அப்படித்தான் வரும்.

அறிக்கையை வாங்கி வருகிறவர் அதில் ‘ஓமா’ என்று முடியும் சொல்லைப் பார்த்து வழியெல்லாம் அழுதுகொண்டே வருவார். ஆகவே துண்டு எடுக்கும் நாளிலேயே, ஹெமாஞ்சியோமா, ஆஞ்சியோமா என்று வந்தால் கெடுதல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் பெயர், தேதி, செல் நம்பர் எழுதுங்கள். அறிக்கையை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகே அந்தப் பெயரை அடியுங்கள். சனிக்கிழமை மாலையில் நோட்டைப் புரட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் அடிக்காமல் நிற்கும் பெயர் இருந்தால் முதலில் ஆய்வகத்துக்கும் அடுத்து அந்த வீட்டுக்கும் போன் போடுங்கள்.